யானை நிற்கிற மூலை

அட்டையில் யானை இருந்ததாம். செண்பகராஜின் பெண்டாட்டி வேணி பார்த்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தெரிகிறது. ஃபைல் எடுக்க உள்ளே வந்த நர்ஸ் பெண் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "மேல வலது பக்கம், குட்டி யானை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். செண்பகராஜுக்கு மட்டும் புள்ளி. மணலைக் கொட்டிப் பரப்பியதுபோல் அட்டை நிறையச் சாம்பல் புள்ளி, புள்ளி, புள்ளி. அவனுக்கும் அவன் மகளுக்கும் அவ்வளவுதான். ஒன்பது வயது யோகலட்சுமி ஒரு கண்ணை அட்டையிலும் ஒரு கண்ணை மூக்கோரத்திலும் வைத்துக்கொண்டு, "யானையா, எங்க?" என்று கேட்டாள். கேலி செய்கிறார்கள் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். என்ன நினைப்பான் பின்னே, பொடிப்பொடியாகப் புள்ளி வைத்த ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, இதற்குள் யானை ஒளிந்திருக்கிறது, ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் மேலே எழும்பி வந்து நிற்கும் என்று சொன்னால்? சந்தையில் மோதிரத்தைத் தேங்காய்க்குள் வரவழைக்கிறவன்கூட இவ்வளவு துணிந்து சொல்லமாட்டான். ஆனால் தன் முறைக்காகக் காத்திருந்த யாரோ ஒரு அம்மாவின் இடுப்பிலிருந்து மூணு வயது வாண்டு ஒன்று எட்டி, அட்டைக்கு முன்னால் வெறும் காற்றில் கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தது. "ஆனே, ஆனே" என்றது. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்போதுதான் செண்பகராஜ் அட்டையை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தான்.

இப்போது மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பெஞ்சின் நடுவில் யோகு. அவள் மூக்கின்மேல் ஒரு இரும்புச் சட்டம். அதற்குள் கனமான கண்ணாடிச் சில்லுகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் செருகியிருந்தார். கோணிப் போகிற கண்ணுக்கு வெளிச்சத்தை வளைத்துக் கொண்டுவந்து கொடுக்கிற சில்லாம். இதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரட்டும், பழகட்டும், அப்புறம் மறுபடி அட்டையைக் காட்டிப் பார்ப்போம் என்றிருந்தார். அப்போது யானை தெரிந்தால் மூளையில் ரெண்டு பார்வையும் சேருகிற வழி இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம். ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கினால் ரெண்டும் சேர்ந்து பார்க்கக் கத்துக்கொள்ளும். தெரியாவிட்டால்? "தெரியலைன்னாலும் ஆபரேஷன் பண்ணலாங்க. கண்ணு நேரா நிக்கும், பொம்பளப் பிள்ள, பாக்க நல்லா இருக்கும். ஆனா பார்வை சேராது. ரெண்டு மூணு வயசுல கொண்டாந்திருந்தீங்கன்னா..." என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் பேனாவை மூடினார். நல்ல மனுஷி. அடித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். சட்டம் வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. யோகு ஒவ்வொரு தரமும் ஒற்றை விரலால் அதைத் தள்ளி மேலே ஏற்றி, "நான் வக்கீலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் விருதுநகரில் பஸ் ஏறினதிலிருந்து வேணி பேசின பேச்சை ஒரு கையில் அடக்கிவிடலாம். பேசினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இப்படி மடியில் பையை வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வது?

அவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நடைபாதையைப் பார்த்தான். தூண், தூணுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய், குழாயடியில் ஒரு கிழவர். கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினான். அதே தூண், அதே குழாய், அதே கிழவர். ரெண்டையும் திறந்தான். ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் இருக்கவேண்டும் என்பதே முப்பத்தெட்டு வயதுவரை அவனுக்குத் தெரியாது. தூரம் பக்கம் தெரியாமலா இத்தனை காலம் பைக் ஓட்டினான்? தெரியும். பெரிதாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது, சிறிதாகத் தெரிந்தால் தள்ளி இருக்கிறது, முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும். இப்படிக் கணக்குப் போட்டுப் போட்டுத்தான் அவன் தெரிந்துகொள்வான். எல்லாரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள், அவர்கள் கொஞ்சம் வேகமாகப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தான். மற்றவர்கள் கணக்கே போடுவதில்லையாம். பார்த்ததும் தெரியுமாம். அவர்களுக்கெல்லாம் இலையில் சோறு வந்து விழுந்துகொண்டிருக்க, இவன் மட்டும் அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்றிருக்கிறான், அதுவும் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு. "ஏன் வேணி, நெசமாவே மேல வந்து நின்னுச்சா?" என்று கேட்டான். அவள் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ம்" என்றாள். "எவ்வளவு மேல?" அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். ஒரு இட்லி கனம் இருக்கும். "எல்லாமே உனக்கு அப்படித்தான் தெரியுமா? இந்தத் தூணு, அந்தப் பெரியவரு, எல்லாம்?" "எல்லாம் அப்படித்தாங்க." "என் மூஞ்சி?" அப்போதுதான் அவள் திரும்பினாள். "உங்க மூஞ்சியும்தான்" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து, குழந்தை இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அப்படியென்றால் யோகுவின் மூக்கு? குண்டுமணி மூக்கு என்று அவன் கொஞ்சுகிற மூக்கு, அது வேணிக்கு வெளியே வந்து நிற்கிறது. பிறந்த அன்றிலிருந்து நிற்கிறது. அவன் பார்த்தது அந்த மூக்கின் போட்டோவை. ஐயோ, என்றது மனசு, சத்தமாகவே. ஒவ்வொன்றாக எல்லாம் வந்து வரிசையில் நின்றது, ரேஷன் கடை திறந்ததுபோல. கல்யாணத்தன்று வேணியின் நெற்றியில் வைத்த குங்குமம் புருவத்தில் போய் உட்கார்ந்தது. மண்டபமே சிரித்தது, அவனும் சிரித்தான். தாலி முடிச்சை அக்காதான் முடித்துவைத்தாள். கடையில் ஏணி ஏறி மேல்தட்டிலிருந்து ஃபேன் எடுக்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவித்தான் இறங்குவான். "நிதானக்காரன்டா நம்ம செண்பகம்" என்று கடை முதலாளி அண்ணாச்சி மெச்சிக்கொள்வார். டீயை டம்ளரில் ஊற்றினால் பாதி மேஜைக்கு. சில்லறை கொடுத்தால் கஸ்டமர் கைக்கு ஒரு விரற்கடை தள்ளி. பந்து பிடிக்க நின்றால் பந்து நெஞ்சில். கைப்பதட்டம், கைப்பதட்டம் என்று இவனே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கை பாவம், அது என்ன செய்யும்? போன தைமாதம் யோகு கோயில் படிக்கட்டில் கடைசிப் படியை விட்டுவிட்டு முகத்தடியாக விழுந்தாளே, தாடையில் தையல் போட்டார்களே, அப்போதும் அவன் என்ன சொன்னான்? "எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டே எறங்கிருக்கா." தையல் போட்ட டாக்டர்தான் கண்ணைக் காட்டுங்கள் என்றார். பிள்ளை பராக்குப் பார்க்கவில்லை. படியைத்தான் பார்த்தது. பார்த்தும் விழுந்தது.

அவனுக்கும் மாறுகண்தான், மாறுகண் யோகம் என்று யார்தான் சொல்லவில்லை? ஊரே சொன்னது. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் "மாட்டுத்தாவணியப் பாத்தா உனக்கு ஆரப்பாளையம் தெரியுமாடா?" என்று மதுரையின் ரெண்டு பஸ் ஸ்டாண்டையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். மீசை முளைத்ததும் அதெல்லாம் மாறிப்போச்சு. எந்தத் தெருவில் யார் கடை திறந்தாலும் செண்பகராஜைக் கூப்பிடு, அவன் கண்ணு படட்டும், அவன் கையால் முதல் போணி ஆகட்டும். சீட்டுக் குலுக்கினால் அவன் எடுக்கவேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டார்கூட இவனை முன்னால் நடக்கவிட்டார்கள். இவனை வேலைக்குச் சேர்த்த வருஷம்தான் பக்கத்துக் கடையையும் சேர்த்து வாங்கினேன் என்று அண்ணாச்சி இன்றைக்கும் சொல்லுவார். ஊர் ஒருத்தனை ராசிக்காரன் என்று தூக்கி வைத்தால் எவன் இறங்குவான்? ஆறாம் மாதத்தில் குழந்தையின் இடது கண் மெல்ல மூக்குப் பக்கம் ஒதுங்கியபோது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் ரத்தம்டா, என்று ஆடினான். வைத்திருந்த பேரை மாற்றி யோகலட்சுமி என்று வைத்தான். அத்தோடு விட்டானா? இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினான். கண்நோவு வந்தவர்கள், பார்வை மங்கினவர்கள், தாயே குணமாக்கு என்று அழுது வேண்டி, குணமானதும் கொண்டுபோய்ச் சாத்துகிற கண்மலர். இவன் நன்றிக்குச் சாத்தினான். நன்றிக்கு! பூசாரி, "புள்ளைக்குக் கண்ணு சரியாயிருச்சா?" என்று கேட்டபோது, "சரியா வந்துருக்கு சாமி" என்று பல்லைக் காட்டினான். அம்மன் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாள்? சிரித்திருப்பாளோ? தலையில் அடித்துக்கொண்டிருப்பாளோ? இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் போய் என்னத்தைக் கேட்பது?

வேணி சொன்னாள். சொல்லாமல் இல்லை. யோகுவுக்கு நாலு வயது நடந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை செய்ய வந்தவர்கள் சொல்லியனுப்பியதை அவள் வந்து சொன்னாள். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்றான். அதை எப்படிச் சொன்னான் என்பதுகூட நினைவிருக்கிறது, துணியை உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. எனக்கென்ன குறைஞ்சு போச்சு, நாலு பேர் மதிக்கலையா, வண்டி ஓட்டலையா, உன்னைக் கட்டலையா? மறுபடி ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "யோகத்த வெட்டி எறியச் சொல்றியா?" என்றான். இன்னொரு தரமும் சொன்னாள், அழுதுகொண்டே. அந்தத் தரம் இவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பல நாள் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. பேசாமல் இருந்து ஜெயித்துவிட்டான், வீரன். குறைந்து போனது என்ன என்பது குறைந்தவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். சத்தியமாகத் தெரியாது. இதைச் சொல்லி வேணியிடம் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தான். எனக்குத் தெரியாது வேணி, என் கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படி... ஆனால் உனக்குத் தெரியும் என்று நான் நம்பியிருக்கலாமே. அந்த இடத்தில் வந்து முட்டி நின்றது. எத்தனை பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாலும் அங்கேயே கொண்டுவந்து விட்டது. பிறவியிலேயே காது கேட்காதவன் தன் வீட்டில் பாட்டே கிடையாது என்று சட்டம் போட்டாற்போல் அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

"அப்பா, ஒனக்கும் யானை தெரியலதான?" யோகு சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கேட்டாள். "தெரியலடா." "எனக்கும். அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" வேணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மூடினாள். "கொஞ்ச நேரத்துல ஒனக்கும் தெரியும் பாரு. இந்தக் கண்ணாடி போட்டுருக்கேல்ல" என்றான் செண்பகராஜ். "தெரிஞ்சா வீட்டுக்குப் போயிரலாமா?" "போயிரலாம்." "தெரியலைன்னா?" பிள்ளையின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான். சட்டத்தின் விளிம்பு எலும்பில் குத்தியது, குத்தட்டும் என்று இருந்தான். எனக்கு வேண்டாம். எனக்கு ஒன்றுமே வேண்டாம், என் ரெண்டு கண்ணையும் எடுத்துக்கொள், இவளுக்கு ஒரே ஒரு யானை. எத்தனை பெரிய உலகம், அதில் ஒரு அட்டை, அந்த அட்டையில் ஒரு மூலை, அந்த மூலையில் ஒரு குட்டி யானை, அது ஒரு இட்லி கனத்துக்கு எழும்பி நின்றால் போதும். இதைவிடச் சின்ன வரம் எந்தச் சாமியிடமும் எவனும் கேட்டிருக்கமாட்டான். பிறகு டாக்டரம்மாவின் பேனா மூடிய சத்தம் காதில் கேட்டது, அது கேட்டதுமே கிடைக்காது என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேண்டிக்கொண்டிருந்தான். ரோட்டைக் கடக்கும்போது பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று இவள் கணக்குப் போடவேண்டும். ஒவ்வொரு படியிலும் போடவேண்டும். கொதிக்கிற எண்ணெயில் வடை போடும்போதும், அப்புறம் தன் பிள்ளையைத் தொட்டிலில் இறக்கும்போதும் போடவேண்டும். ஒருநாள் கணக்கு தப்பும். நடைபாதையில் யாருக்கோ டோக்கன் கூப்பிட்டார்கள், யாரோ எழுந்து போனார்கள், தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பேர் கூப்பிடாமலே இருந்துவிட்டால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது. கூப்பிடாத வரைக்கும் யானை இருக்கலாம்.

"யோகலட்சுமி!" என்று கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டரம்மா யோகுவை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தார். வேணி ஒரு பக்கம், செண்பகராஜ் ஒரு பக்கம். முன்னே காட்டினது வேண்டாம் என்று புது அட்டை எடுத்தார். இதில் யானை வேறு இடத்தில் இருக்கிறது, எங்கே என்று பார்த்து விரலை வை கண்ணு, என்றார். யோகு விரலை நீட்டினாள். விரல் அட்டையின்மேல் மெதுவாக நகர்ந்தது, கீழே, நடுவில், இடது பக்கம். ஓரிடத்தில் வேணி மூச்சை இழுத்தாள். விரல் அங்கேயே நின்றது. "இங்க!" வேணியின் கண் நிறைந்துவிட்டது. "கரெக்டுங்க, கரெக்டுங்க" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். செண்பகராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. புள்ள அட்டையப் பாக்கல, ஒங்க மூஞ்சியப் பாக்குது" என்றார். வேணி கிளம்பினாள். அவனும் கூடவே கிளம்பினான். "அப்பா இருக்கட்டும். அவருக்குத்தான் தெரியாதே" என்றார் டாக்டரம்மா, சாதாரணமாக. மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது அட்டை வந்தது. யோகு முதலில் கதவைப் பார்த்தாள், அம்மா இல்லை. பிறகு அப்பாவைப் பார்த்தாள். செண்பகராஜ் மூச்சை அடக்கினான். முகத்தைக் கல்லாக்கிக்கொள்ளவேண்டும், எதுவும் காட்டக்கூடாது, காட்ட என்ன இருக்கிறது, எனக்கே தெரியாதே தாயி, இந்த மூஞ்சியில ஒண்ணும் எழுதலையே. விரல் கிளம்பியது. மேல் மூலை. அங்கிருந்து கீழே. சட்டம் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்கு மனசில்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, பெரிய மனுஷிபோல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அத்தனை சிரத்தையாகத் தேடினாள். குண்டுமணி மூக்கில் ஒரு சொட்டு வேர்வை. என் ராசாத்தி, என்று நினைத்தான். நினைக்கும்போதே முகம் அவனை மீறிச் சிரித்துவிட்டது. விரல் சட்டென்று நின்றது. "இங்க!" என்றாள் யோகு. செண்பகராஜ் டாக்டரம்மாவைப் பார்த்தான். "இங்கதானா கண்ணு? வேற எங்கயும் இல்லையா?" என்றார் அவர். "இல்ல, இங்கதான்." சத்தியம் செய்வதுபோல் அழுத்திச் சொன்னாள். டாக்டரம்மா அட்டையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "சரிம்மா, கழட்டிரலாம்" என்று சட்டத்தை அவள் மூக்கிலிருந்து மெதுவாக எடுத்தார். மூக்கின் ரெண்டு பக்கமும் சிவந்து தடம் பதிந்திருந்தது.

வெளியே வேணி கதவோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். "தெரிஞ்சுதா?" என்று அவனைத்தான் கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் குழந்தை முந்திக்கொண்டாள். "தெரிஞ்சுதும்மா! டாக்டரு ரெண்டு தரம் கேட்டாங்க, நான் மாத்திச் சொல்லவே இல்ல." பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதோடு காதாகச் சொன்னாள்: "அப்பா, நீ சிரிச்சேல்ல, அங்கதான் வெச்சேன்."